சட்டை போட்டால் கட்டி கரையாது

2024 அக்டோபரில் தில்லி மெட்ரோ ரயிலில் ஒரு விளம்பரம் இருந்தது. ஆரஞ்சுப் பழப் படம் போட்டு, மாதம் ஒருமுறை உங்கள் ஆரஞ்சுகளைச் சோதித்துப் பாருங்கள் என்று பெண்களிடம் சொன்னது. மார்பகப் புற்றுநோய் பற்றிய விளம்பரம் அது. வெளியிட்டது கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கின் அறக்கட்டளை. எதிர்ப்பு கிளம்பியதும் மெட்ரோ நிர்வாகம் அதை அகற்றியது. அதே ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய சமூக ஊடகப் பக்கமே அறிவித்தது. மறுநாள் அவரே தோன்றி, உயிரோடுதான் இருக்கிறேன், நோயைப் பற்றி நாடு பேச வேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்றார்.

ஒன்று பெண்ணின் உடலைப் பழக்கடைச் சரக்காக்கியது. மற்றொன்று சாவையே பொய்யாக்கியது. இரண்டுக்கும் சொல்லப்பட்ட சமாதானம் ஒரே சொல்தான்: விழிப்புணர்வு. அந்தச் சொல்லை முன்னால் நிறுத்திவிட்டால் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது என்றொரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் சட்டையில் வாசகம் அச்சடிக்கலாம், கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போடலாம், கடற்கரையில் விடியற்காலை ஓடலாம், மேடை போட்டு ரிப்பன் குத்திக்கொள்ளலாம். இதனால் எந்தப் பெண் பிழைத்தாள் என்று கேட்டவர் மட்டும் இரக்கமில்லாதவர் ஆகிவிடுகிறார். அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாமல் அடுத்த அக்டோபருக்குச் சட்டை அச்சடிப்பதைக் கண்டிக்கிறோம்.

முதலில் நோயின் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். அந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர். அமெரிக்காவில் நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 74 ஆயிரம் பேர். இறந்தவர்கள் 43 ஆயிரம் பேர். அங்கே நோயாளிகள் அதிகம், சாவு நம்முடையதில் பாதிகூட இல்லை. அங்கே பரிசோதனை பரவலாக நடப்பதால் சிறிய கட்டிகளும் கணக்கில் ஏறுகின்றன என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. நம் பெண்கள் மருத்துவரிடம் வரும்போது நோய் முற்றியிருக்கிறது. வந்த பிறகும் சிகிச்சையை முடிக்க வழியில்லாமல் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

பரிசோதனை எந்த அளவில் இருக்கிறது? 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை, 0.9 விழுக்காடு. கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு. நாட்டுக்கே முன்மாதிரி என்று நாம் மார்தட்டும் தமிழ்நாட்டில் மார்பகப் பரிசோதனை 5.6 விழுக்காடு, கருப்பைவாய்ப் பரிசோதனை 9.8 விழுக்காடு. முன்னணி மாநிலத்திலேயே 20 பெண்களில் ஏறத்தாழ 19 பேரின் மார்பை எந்தச் செவிலியரும் எந்த மருத்துவரும் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டு இளஞ்சிவப்பு அக்டோபர்கள் வந்துபோன பிறகு இருந்த நிலை இது.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள் என்று சட்டையில் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். போதுமா என்பதைச் சீனாவின் ஷாங்காய் நகரில் சோதித்தே பார்த்தார்கள். 1989இல் தொடங்கி, 519 ஜவுளி ஆலைகளில் வேலை செய்த 2 லட்சத்து 66 ஆயிரம் பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். மாதிரி மார்பு வைத்துப் பழக்கினார்கள், நினைவூட்டினார்கள், மேற்பார்வையிட்டார்கள். மற்றப் பிரிவுக்கு அது இல்லை. முடிவு 2002இல் வெளியானது. கற்றுக்கொண்ட பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர். கற்காத பிரிவில் 131 பேர். வேற்றுமை இல்லை. ஆலைக்குள்ளேயே சென்று கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தும் சாவு குறையவில்லை என்றால், ஓடுகிறவரின் முதுகில் இருக்கும் ஒரு வரி எதைக் குறைக்கும்?

இதைப் படிக்கும் பெண்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. மார்பில் கட்டி, தோலில் சுருக்கம், காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளில் நெறி என எது தெரிந்தாலும் வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மார்பகப் புற்றுக் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காத கட்டியை அலட்சியம் செய்வதால்தான் மாதங்கள் கழிகின்றன. நம் கண்டனம் அந்த அறிவுரைக்கு எதிரானதல்ல. அறிவுரையை எழுதி வைத்துவிட்டு, கட்டியைக் கண்டவள் எங்கே போவாள், அவளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியைக் கைகழுவுவதற்கு எதிரானது.

சாவைக் குறைத்தது எது என்பதற்கும் சான்று இருக்கிறது. அதுவும் நம் மண்ணிலேயே. திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டுத் தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை தரப்பட்டது. 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இப்படிப் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவு: பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைந்தது, அதனால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி இல்லை, நட்சத்திரத் தூதர் இல்லை, பனியன் இல்லை. ஒரு செவிலியர், ஒரு விளக்கு, ஒரு புட்டி அமிலம், பிறகு உடனே சிகிச்சை.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கி 20 ஆண்டு நடந்த ஆய்வும் இதையே சொல்கிறது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பைக் கையால் தடவிப் பரிசோதித்தார்கள். நோய் முற்றாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதைக் கடந்த பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. பயன் எவ்வளவு, யாருக்கு, எங்கே இல்லை என்று இப்படி அளந்து சொல்வதற்குப் பெயர்தான் நேர்மை. எந்த விழிப்புணர்வு ஓட்டம் தன் பயனை இப்படி அளந்து ஊருக்குச் சொல்லியிருக்கிறது?

மேடையில் குத்திக்கொள்ளும் இந்த இளஞ்சிவப்பு ரிப்பனின் பிறப்பையே மறந்துவிட்டோம். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற 68 வயதுப் பெண், தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து கையால் ரிப்பன் செய்தார். அது இளஞ்சிவப்பு அன்று. பீச் பழத்தின் வெளிர் நிறம். ஐந்து ரிப்பனுக்கு ஓர் அட்டை சேர்த்துக் கொடுத்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டுச் செலவில் நோய்த் தடுப்புக்குப் போவது 5 விழுக்காடுதான், சட்டமன்றத்தாரை எழுப்புங்கள் என்றது அந்த அட்டை. பாட்டி, சகோதரி, மகள் என்று குடும்பத்தில் மூன்று பேரை இந்நோய் தாக்கக் கண்டவர் அவர். ஒரு பெண்கள் இதழும் ஓர் அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டு வந்தன. இது வணிகமாகிவிடும் என்று அவர் மறுத்தார். அவர்கள் வழக்கறிஞர் ஆலோசனைப்படி நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். 1992இல் இளஞ்சிவப்பு ரிப்பன் உலகுக்கு வந்தது. நிறத்தோடு அட்டையும் போய்விட்டது. ரிப்பன் மட்டும் மிஞ்சியது. அதாவது கேள்வி போனது, அலங்காரம் நின்றது.

அட்டை போன பிறகு என்ன நடந்தது என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. 2010இல் ஒரு கோழி வறுவல் நிறுவனம் இளஞ்சிவப்பு வாளிகளில் வறுத்த கோழியை விற்று, வாளிக்கு 50 சென்ட் வீதம் மார்பகப் புற்றுநோய் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்தது. 2015இல் அந்நாட்டு வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து, புற்றுநோயின் பெயரால் இயங்கிய நான்கு அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தன. கொடையாளிகளிடம் பெற்ற 18 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணம் நோயாளிகளுக்குப் போகாமல் நடத்தியவர்களின் சொகுசுக்கும் நிதி திரட்டித் தந்த நிறுவனங்களுக்கும் போனது என்பது குற்றச்சாட்டு. கணக்குக் கேட்கும் சட்டமும் அமைப்பும் வலுவாக உள்ள நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. ஓட்டம் முடிந்த மறுநாள் பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகும் நம் ஊரில் யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள்?

வாசகங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். மார்பைக் கொச்சைச் சொல்லால் குறித்து, அதைக் காப்பாற்றுவோம் என்று எழுதிய சட்டைகளும் கைப்பட்டைகளும் மேலைநாட்டுச் சந்தையில் பல ஆண்டுகளாக விற்கின்றன. பென்சில்வேனியாவில் இரு பள்ளி மாணவிகள் அப்படிப்பட்ட கைப்பட்டை அணிந்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2013இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. அணியும் உரிமை வேறு, எழுதுகிறவரின் பொறுப்பு வேறு. அந்த வாசகங்கள் காப்பாற்றச் சொல்வது மார்பை, பெண்ணை அன்று. உயிர் பிழைப்பதற்காக மார்பை எடுத்துக்கொண்ட ஒரு பெண் அந்தச் சட்டைக்கு எதிரே வரும்போது என்ன நினைப்பாள்? காப்பாற்ற வேண்டியது போய்விட்டது என்றா? ஆரஞ்சு, மாம்பழம் என்று எழுதுகிறவர்கள் ஒன்றை உணர வேண்டும். கூச்சத்தாலும் பயத்தாலும் கட்டியை மாமியாரிடம்கூடச் சொல்லாத பெண்ணுக்கு அந்த எழுத்து இன்னும் கொஞ்சம் கூச்சத்தைத்தான் சேர்க்கிறது. மார்பு என்று சொல்ல நாணுகிற விளம்பரம், மார்பைக் காட்டு என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்கும்?

இன்னொரு வகை வாசகம் போர் பேசுவது. போராடினாள், வென்றாள், தைரியத்தால் நோயை விரட்டினாள் என்று சட்டைகள் முழங்குகின்றன. அப்படியானால் இறந்தவள் தைரியம் இல்லாதவளா? நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவி, மருந்தோடும் வலியோடும் நாளை ஓட்டிக்கொண்டிருப்பவள் தோற்றுக்கொண்டிருக்கிறாளா? நோய் எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது, எந்த வகைக் கட்டி, எந்தச் சிகிச்சை கிடைத்தது என்பவற்றால் பெரிதும் முடிவாவதை மன உறுதிக் கணக்கில் எழுதுவது, இறந்தவர்களின் பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை.

பேசியதால் நன்மையே விளையவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1974இல் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு மார்பக அறுவை நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு ஏராளமான பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். அந்த வியாதி என்று பேர் சொல்லாமல் பேசிய காலம் நம் ஊரிலும் இருந்தது. அது கொஞ்சம் மாறியிருக்கிறது என்றால் பேசியவர்களுக்கு அதில் பங்கு உண்டு. தாயை இழந்த மகள் அவள் நினைவாக ஒரு சட்டை அணிந்து நடந்தால் அதற்கு முன் நாம் தலைவணங்குகிறோம். நம் கண்டனம் அணிந்தவர்கள் மேல் அன்று. அவர்களுடைய துக்கத்தையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு கணக்குச் சொல்லாதவர்கள் மேல்.

பேச்சைக் கட்டடமாக்கிக் காட்டிய ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை வாசகமாக்கி நிறுத்திவிடவில்லை. முப்பது ஆண்டு விடாமல் முயன்று 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு ஒரு மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதைவிட்டு நகரவில்லை. துக்கம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு நமக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

திருப்பூரை நினைத்துப் பாருங்கள். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அந்த ஊருடையது. அங்கே பனியன் கம்பெனியில் தையல் மெஷினிலும் செக்கிங் மேசையிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் ஒருத்தி ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேரும்போது இரவாகிவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம்தான். ஆனால் அது நடக்கிற நேரத்தில் அவள் மெஷினில் இருக்கிறாள். போனால் அன்றையக் கூலி போகும். துணைக்கு வர ஆள் வேண்டும், வீட்டில் கேட்க வேண்டும், அங்கே பார்ப்பது ஆண் மருத்துவரா என்ற தயக்கம் வேண்டாம் என்று தடுக்கும். கட்டி என்று சொல்லிவிட்டால் பிறகு சதைப் பரிசோதனைக்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்ற பயம் வேறு. இவளுக்கு இல்லாதது விழிப்புணர்வா? அரை நாள் விடுப்பும், பெண் செவிலியரும், அடுத்த படி என்ன என்று சொல்லி அழைத்துப்போகும் ஓர் ஆளும்தான் அவளுக்கு இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகளை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வைக்கிறோம்.

புற்றுநோயின் பெயரால் சட்டையோ வேறு எந்தப் பொருளோ விற்கும் நிறுவனங்களே, விலையில் எத்தனை ரூபாய், எந்த அமைப்புக்கு, எந்த வேலைக்குப் போகிறது, கொடைக்கு உச்சவரம்பு உண்டா என்பதை அந்தப் பொருளின் மேலேயே அச்சடியுங்கள். அச்சடிக்க முடியாதென்றால் ரிப்பனைத் தொடாதீர்கள்.

ஓட்டமும் நடையும் நடத்தும் அமைப்புகளே, நிகழ்ச்சி முடிந்த 30 நாளுக்குள் வரவு செலவைத் தமிழில் வெளியிடுங்கள். மேடைக்கும் விளம்பரத்துக்கும் பனியனுக்கும் எவ்வளவு, பெண்களின் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். எத்தனை பேர் ஓடினார்கள் என்பது நமக்கு வேண்டாம். எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேரிடம் நோய் கண்டது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

விளம்பரம் எழுதுகிறவர்களே, பழங்களையும் கொச்சைகளையும் பொய்ச் சாவுகளையும் இன்றோடு நிறுத்துங்கள். 30 வயது ஆனதும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாய், மார்பு, கருப்பைவாய் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2016இல் வகுத்த நெறி. சட்டையில் இடம் இருந்தால் அந்த வயதையும், பக்கத்துச் சுகாதார நிலையத்தின் பெயரையும், கிழமையையும், இலவசம் என்ற சொல்லையும் எழுதுங்கள்.

அக்டோபர் தள்ளுபடி அறிவிக்கும் தனியார் மருத்துவமனைகளே, 25 வயதுப் பெண்ணுக்கு அவசியமில்லாத மேமோகிராம் படத்தைத் தொகுப்புச் சலுகையில் திணிக்காதீர்கள். இளம் வயதில் மார்புத் திசு அடர்ந்திருப்பதால் அந்தப் படம் தெளிவாகத் தெரிவதில்லை என்பதை நீங்களே அறிவீர்கள். முகாம் நடத்தினால், நோய் கண்டவரைச் சிகிச்சை முடியும் வரை பின்தொடரும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனி முதலாளிகளே, 30 வயதைக் கடந்த உங்கள் பெண் தொழிலாளர்களுக்குப் பரிசோதனைக்காகக் கூலியோடு அரை நாள் கொடுங்கள். செவிலியரை ஆலைக்கே வரவழைத்தால் இன்னும் நல்லது. ஷாங்காய் ஆலைகளுக்குள் அறிவுரை மட்டும் போனது. உங்கள் ஆலைக்குள் பரிசோதிக்கும் கை போகட்டும்.

மாநில அரசே, வட்டாரம் வட்டாரமாக எத்தனை பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுங்கள். திண்டுக்கல்லில் செவிலியர்கள் செய்து காட்டியதை மற்ற மாவட்டங்களில் செய்யத் தடை என்ன என்று மக்களிடம் சொல்லுங்கள். கட்டடத்துக்கு விளக்குப் போடும் அன்றே அந்தக் கணக்கையும் அதே சுவரில் ஒட்டுங்கள்.

வாசகர்களே, யாராவது இளஞ்சிவப்புச் சட்டையை நீட்டினால் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பணம் யாரிடம் போகிறது? பதில் வராவிட்டால் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் அம்மாவையோ அக்காவையோ மனைவியையோ இந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போங்கள். அரை நாள் வேலைதான்.

சார்லட் ஹேலியின் ரிப்பனோடு ஓர் அட்டை இருந்தது. அந்த அட்டையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அடுத்த அக்டோபருக்கான சட்டைகளுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள், துணியும் நிறமும் வாசகமும் முடிவு செய்யும் முன் அதில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளட்டும்: இந்தச் சட்டையைத் தைக்கப்போகும் பெண்ணுக்குப் பரிசோதனை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால், முதல் செலவு அவளுக்கு. சட்டை பிறகு.